தாத்தாவுக்கு 71, அப்பாவுக்கு 60, அண்ணனுக்கு 44: பரம்பரை நோய் தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரம் வருகிறதா?

கேள்வி இதுதான். குடும்பத்தில் ஒரு பரம்பரை நரம்பு நோய். தாத்தாவுக்கு 71 வயதில் தொடங்கியது, அப்பாவுக்கு 60-ல், அண்ணனுக்கு 44-ல். அண்ணனுக்கு மரபணுப் பரிசோதனை செய்து பிறழ்வு, அதாவது நோயைத் தரும் மரபணு மாற்றம், உறுதியாகிவிட்டது. கேட்பவருக்கு வயது 36. இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. "ஒவ்வொரு தலைமுறையிலும் பத்துப் பதினைந்து வருடம் குறைந்துகொண்டே வருகிறதே, எனக்கு முப்பதுகளிலேயே வந்துவிடுமா?" என்று கேட்கிறார். நோயின் பெயரைச் சொல்லவில்லை.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று எண்களை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. நோய் சீக்கிரமாக வருவதே இல்லை என்றாலும் உங்கள் குடும்பத்தில் இதே வரிசைதான் தெரிந்திருக்கும். சில நோய்களில் அது உண்மையாகவே சீக்கிரம் வருகிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. இரண்டில் உங்களுடையது எது என்பதை வயதுகள் சொல்லாது. அண்ணனுடைய பரிசோதனை அறிக்கையில் எந்த வகைப் பிறழ்வு என்று எழுதியிருக்கிறதோ அதுதான் சொல்லும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இந்த ஒரு தப்புக் கணக்கால் தூக்கம் கெட்ட குடும்பங்கள் நிறைய. ஆராய்ச்சியாளர்களே நூறு வருடமாக இதில் மாட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்கள்.

ஒரு பெரிய குடும்பத்தில் தாத்தா பாட்டிகள், பெற்றோர்கள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் எல்லோரும் 18 முதல் 25 வயதுக்குள். அவர்களில் திருமணமானவர்களை மட்டும் எடுத்துச் சராசரி திருமண வயது பார்த்தால் 21 என்று வரும். பெற்றோர் தலைமுறையில் 27. உடனே "இந்தக் காலத்துப் பிள்ளைகள் சீக்கிரமே கல்யாணம் செய்துகொள்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "மற்றவர்களுக்கு இன்னும் ஆகவில்லையே, அவர்களையும் சேர்த்துப் பாருங்கள்" என்று திருத்திவிடுவார். நோய் விஷயத்தில் அப்படித் திருத்த ஆள் இருப்பதில்லை. நோய் வந்தவர்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், அவர் பெயர்தான் பதிவேட்டில் ஏறுகிறது. நன்றாக இருப்பவர் வீட்டில் இருக்கிறார்.

இன்னொரு சிக்கல் காலம் சம்பந்தப்பட்டது. அதை எண்களில் போட்டுப் பார்த்தால்தான் அதன் வலு தெரியும். ஒரு நோய்க்கான மரபணுப் பரிசோதனை 1989-ல் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் குழு 1989 முதல் 2013 வரை நோய் தொடங்கியவர்களைப் பதிவு செய்கிறது. இந்த நோயில் தலைமுறை வித்தியாசமே கிடையாது, யாருக்கும் 40 முதல் 80 வயது வரை எப்போது வேண்டுமானாலும் சம வாய்ப்போடு தொடங்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது அப்பா, மகள் இருவருக்குமே உண்மையான சராசரி 60.

அப்பா பிறந்தது 1930. பதிவேட்டில் அவர் ஏற வேண்டுமானால் நோய் 59 வயதுக்குப் பிறகுதான் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் தொடங்கியிருந்தால் அது 1989-க்கு முந்தைய சமாச்சாரம். மூளைக் கோளாறு, மனநோய், முதுமை என்று அந்தக் காலத்து டாக்டர் எதையோ எழுதி முடித்திருப்பார். மகள் பிறந்தது 1957. அவர் ஏற வேண்டுமானால் 56 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 2013 தாண்டிவிடும், ஆய்வு முடிந்திருக்கும். ஆக அப்பாவுக்கு 59-லிருந்து 80 வரை, நடுப்புள்ளி கிட்டத்தட்ட 69. மகளுக்கு 40-லிருந்து 56 வரை, நடுப்புள்ளி 48. இருபது வருடத்துக்கு மேல் வித்தியாசம். உண்மையில் இருப்பதோ பூஜ்யம்.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். அப்பாவின் மிகக் குறைந்த வயது 59, மகளின் மிக அதிக வயது 56. அப்பாவைவிட மகளுக்குத் தாமதமாக நோய் வரும் ஜோடி ஒன்றுகூட இந்தப் பதிவேட்டுக்குள் நுழைய வழியே இல்லை. ஆய்வாளர் நூறு ஜோடி சேர்த்தாலும் நூறிலும் பிள்ளைக்கே சீக்கிரம் வந்திருக்கும். புள்ளியியல் சோதனை போட்டால் அடித்துச் சொல்லும் அளவுக்கு முடிவு வரும். மாதிரியைப் பெரிதாக்கினால் பிழை சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே மாதிரி பெரிதாகப் பெரிதாகத் தப்பான விடை இன்னும் உறுதியாகத்தான் தெரியும்.

1989 முதல் 2013 வரை மட்டும் பார்க்கும் இதே காலச் சாளரம் இன்னொரு போலியையும் உண்டாக்கும். 1957-லும் 1959-லும் பிறந்த அக்கா தம்பி இருவருமே ஐம்பத்தாறுக்குள் அடைபட்டுவிடுவார்கள். 1925-லும் 1928-லும் பிறந்த வேறொரு வீட்டு அண்ணன் தம்பி இருவரும் அறுபதுக்கு மேல்தான் தெரிவார்கள். பார்ப்பவருக்கு "ஒரு வீட்டில் சீக்கிரம் வருகிறது, இன்னொரு வீட்டில் தாமதமாக வருகிறது, ஆக நோய் தொடங்கும் வயதே பரம்பரையாக இறங்குகிறது" என்று தோன்றும். பிறந்த வருடம் ஒத்துப்போவதைத்தான் அவர் ரத்த சம்பந்தம் என்று படிக்கிறார்.

கற்பனைக் கணக்குக்கு 1989 என்ற வருடத்தை நான் சும்மா எடுக்கவில்லை. க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் என்று ஒரு மூளை நோய் இருக்கிறது. ப்ரியான் என்ற புரதம் தவறாக மடிந்து, அந்த மடிப்பு பக்கத்துப் புரதங்களுக்கும் தொற்றிக்கொண்டே போகும். தொடங்கிய பிறகு பெரும்பாலும் சில மாதங்களிலேயே உயிரைக் குடித்துவிடும். இதன் பரம்பரை வடிவங்களில் அதிகம் காணப்படுவது ஈ200கே என்ற பிறழ்வு. புரதத்தின் 200-வது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருக்கும். இது கண்டுபிடிக்கப்பட்ட வருடம் 1989. லிபியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யூதர்களிடமும், ஸ்லோவாக்கியாவின் ஓராவா பகுதியிலும், சிலியிலும், இத்தாலியிலும் இது கூடுதலாக இருக்கிறது. லிபிய யூதர்களிடம் இந்த நோய் மிகையாக இருப்பது 1970-களிலேயே தெரிந்திருந்தது. ஆட்டின் கண்ணையும் மூளையையும் சாப்பிடுவதால்தான் வருகிறது என்றுகூட அப்போது சந்தேகித்தார்கள். பிறகுதான் மரபணு என்று தெளிவானது.

இந்த ஈ200கே குடும்பங்களில் தலைமுறைக்குத் தலைமுறை நோய் முன்கூட்டியே வருகிறது என்று மூன்று தனித்தனி ஆய்வுகள் அறிவித்தன. இப்படி வருவதற்கு ஆன்டிசிபேஷன் என்று பெயர். மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே விஷயத்தைச் சொன்னால் யாருக்கும் நம்பத் தோன்றும். ஆனால் மூன்று பேரும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால், மூவர் சொல்வதும் ஒருவர் சொல்வதுதான்.

2014-ல் எரிக் மினிகெல் தலைமையில் ஒரு குழு இதை மறுபடி அலசியது. உலகின் நான்கு ப்ரியான் மையங்களிலிருந்து இந்தப் பிறழ்வு உள்ள 217 பேரின் விவரங்களைத் திரட்டினார்கள். நோய் வந்தவர்களோடு, இன்னும் வராதவர்களையும் வேறு காரணத்தால் இறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கணினியில் ஆன்டிசிபேஷனே இல்லாத ஒரு பொய்க் குடும்பக் கூட்டத்தை உருவாக்கி, 1989-க்குப் பிறகு நோய் வந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தார்கள். இல்லாத ஆன்டிசிபேஷன் பளிச்சென்று தெரிந்தது. நோய் தொடங்கும் வயது பரம்பரையாக இறங்குவது போன்ற தோற்றமும் கூடவே வந்தது. உண்மையான தரவில் காலச் சாளரத்தை இறுக்கினால் "எத்தனை வருடம் முன்கூட்டி" என்ற எண் ஏறியது, தளர்த்தினால் இறங்கியது. நோயின் குணம் என்றால் ஆய்வாளர் ஜன்னலைத் திறந்து மூடுவதற்கேற்ப அது ஆடக் கூடாது. ஈ200கேயில் ஆன்டிசிபேஷனுக்கு ஆதாரம் இல்லை என்று அவர்கள் முடித்தார்கள்.

மினிகெலின் மனைவி சோனியா வல்லப். 2010-ல் அவருடைய அம்மா ப்ரியான் நோயில் இறந்தார். அடுத்த வருடம் பரிசோதனையில் தனக்கும் டி178என் என்ற வேறொரு ப்ரியான் பிறழ்வு இருப்பது சோனியாவுக்குத் தெரிந்தது. அவர் சட்டம் படித்தவர், மினிகெல் நகரத் திட்டமிடல் படித்தவர். இருவரும் வேலையை விட்டுவிட்டு உயிரியல் கற்று ஆராய்ச்சியாளர்களாகி, பாஸ்டன் பக்கத்தில் பிராட் இன்ஸ்டிட்யூட்டில் இந்த நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். "உன் அம்மாவைவிட உனக்குச் சீக்கிரம் வரும்" என்ற வாக்கியத்தின் கனத்தை அந்த வீட்டில் யாரும் விளக்கத் தேவையில்லை. புள்ளியியலை இவ்வளவு கறாராக அவர்கள் சோதித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தப் பிரச்சினை 2014-ல் முளைத்ததும் இல்லை. லண்டன் மனநலக் காப்பகங்களின் ஆய்வகத்தில் இருந்த ஃபிரெடரிக் மாட், 1910-ஐ ஒட்டிய வருடங்களில், ஒரே குடும்பத்திலிருந்து காப்பகத்துக்கு வந்தவர்களின் வயதுகளை ஒப்பிட்டார். பெற்றோரைவிடப் பிள்ளைகள் இளவயதிலேயே சேர்க்கப்பட்டிருந்தார்கள். இதை ஒரு விதி என்றே அறிவித்தார். பரம்பரை சீரழிந்துகொண்டே போகிறது என்ற அந்தக் காலத்து நம்பிக்கைக்கும் அது தோதாக இருந்தது. 1912-லேயே புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் "நேச்சர்" இதழில் இது கணக்கில் உள்ள கோளாறு என்று எழுதினார். பெற்றோராக ஆனவர் என்றாலே பிள்ளை பெறும் வயது வரை நன்றாக இருந்தவர் என்று அர்த்தம். இருபதில் நோய்வாய்ப்பட்டவர் அந்தக் காப்பகத்தில் பெற்றோராகப் பதிவாகியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பிள்ளைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

1918-ல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்துக் கண் டாக்டர் புரூனோ ஃபிளைஷர் வேறொரு நோயில் இதையே கண்டார். மயோடானிக் டிஸ்ட்ரஃபி என்ற தசை நோய்க் குடும்பங்களில் மூத்த தலைமுறைக்கு வயதான காலத்தில் கண்புரை மட்டும் இருந்தது. அடுத்தடுத்த தலைமுறைகளில் தசை பலவீனம் இன்னும் இளவயதில், இன்னும் கடுமையாக வந்தது.

1948-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்த மரபியலாளர் லயனல் பென்ரோஸ் இதைக் கையில் எடுத்தார். 'உயர்ந்தவர்கள்' மட்டும் பெருக வேண்டும் என்ற இனமேம்பாட்டுவாதத்தை வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்திலேயே விடையை ஒரு பக்கமாக இழுக்கும் மூன்று சாய்வுகள் இருக்கின்றன என்றார். லேசாக, தாமதமாக நோய் வந்தவர்களே அதிகம் பெற்றோர்களாகிறார்கள். பிள்ளைகளில் சீக்கிரமாக, கடுமையாக வந்தவர்களே டாக்டர் கண்ணில் படுகிறார்கள். மூன்றாவதுதான் நுட்பமானது: அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நோய் வந்த ஜோடியைத்தான் ஒரு டாக்டர் தன் பணிக்காலத்தில் சேர்த்துப் பார்க்க முடியும். ஒரே சமயத்தில் வந்தது என்றால் வயது வித்தியாசம் தலைமுறை வித்தியாசமாகத்தானே இருக்கும்? மேலே நான் போட்ட 1989 கணக்கின் விதை இதில்தான் இருக்கிறது.

மூன்று சாய்வுகளும் நிஜம். இன்றும் எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த மூன்றையும்தான். ஆனால் இந்தச் சாய்வுகளே எல்லாவற்றையும் விளக்கிவிடும், ஆன்டிசிபேஷன் என்று ஒன்று இல்லவே இல்லை என்ற முடிவு மயோடானிக் டிஸ்ட்ரஃபியில் தப்பாகப் போனது. பென்ரோஸின் பெயருக்கு இருந்த மதிப்பால் அடுத்த நாற்பது வருடம் யாரும் அதைப் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. "எனக்கு லேசாகத்தான் இருக்கிறது, என் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே தசையில் பலமில்லை" என்று சொன்ன அம்மாக்களுக்கு, அது கணக்கில் வரும் போலித் தோற்றம் என்ற பதில் கிடைத்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிப்பது இந்த நாற்பது வருடம்தான்.

1989-ல் நெதர்லாந்தில் ஹேவெலர் குழு குடும்பங்களை முழுமையாகத் தேடிப் பரிசோதித்து, சாய்வுகளுக்கு இடம் கொடுக்காமல் பார்த்தது. அப்போதும் ஏறக்குறைய எல்லா ஜோடிகளிலும் பிள்ளைக்கே சீக்கிரம் வந்திருந்தது. 1992-ல் காரணமும் கிடைத்தது. 19-வது குரோமோசோமில் ஓரிடத்தில் சி-டி-ஜி என்ற டிஎன்ஏ மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. நோயில்லாதவர்களுக்கு இது ஐந்திலிருந்து முப்பத்தைந்து தடவை சுமாருக்கு இருக்கும். நோயாளிகளுக்கு ஐம்பதைத் தாண்டும். பிறவியிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆயிரத்துக்கும் மேல். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும்போது இந்தத் தொடர் நீள்கிறது. நீள நீள நோய் சீக்கிரம் வருகிறது. ஃபிளைஷர் கண்ணால் கண்டதற்கு ஒரு பௌதிகக் காரணம் கிடைத்துவிட்டது.

ஆக, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பிறழ்வு இப்படித் தொடர் நீளும் வகையா? மயோடானிக் டிஸ்ட்ரஃபி, உடல் தன்னிச்சையாக ஆடி அறிவும் மங்கும் ஹண்டிங்டன் நோய், ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்ஸியாவில் பல வகைகள் இதில் சேரும். அட்டாக்ஸியா என்றால் நடை தள்ளாடி, பேச்சு குழறும் நோய். அதில் எஸ்.சி.ஏ.1 என்ற வகை தமிழ்நாட்டின் ஒரு சமூகத்தினரிடையே மிக அதிகமாக இருப்பதை 2005-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊர் நரம்பியல் டாக்டர்களுக்கு இது பழகிய நோய். அறிக்கையில் சி-ஏ-ஜி அல்லது சி-டி-ஜி என்று ஒரு மூன்றெழுத்தைப் போட்டு, பக்கத்தில் 42, 55 என்று எண்ணிக்கை எழுதியிருந்தால் உங்களுடையது இந்த வகை. அப்போது முன்கூட்டி வருவது சாத்தியம்தான். அப்போதும் அண்ணனுடைய எண் உங்களுடையது இல்லை. ஒரே அப்பாவிடமிருந்து இரண்டு பிள்ளைகளுக்கு வெவ்வேறு நீளம் இறங்கலாம். பாதி வாய்ப்பில் பிறழ்வே இறங்காமலும் இருக்கலாம். யாரிடமிருந்து வருகிறது என்பதும் கணக்கு. ஹண்டிங்டனில் பெரிய நீட்சி அப்பா வழியாகத்தான் அதிகம். மயோடானிக் டிஸ்ட்ரஃபியின் பிறவி வடிவம் கிட்டத்தட்ட எப்போதும் அம்மா வழி.

அறிக்கையில் எண்ணிக்கை எதுவும் இல்லாமல், ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாக மாறியது என்று மட்டும் இருந்தால், அந்த மாற்றம் தாத்தாவிடமும் அப்பாவிடமும் அண்ணனிடமும் அச்சு அசலாக ஒன்றே. வழியில் நீள அங்கே ஒன்றும் இல்லை. அந்த நிலையில் 71, 60, 44 என்ற வரிசையை நான் முதலில் பதிவுக் கோளாறாகத்தான் பார்ப்பேன்.

உங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் தலைமுறையில் பெரியப்பா, அத்தை பிள்ளைகளையும் சேர்த்து ஏழு பேர் இருக்கிறீர்கள் என்று வைப்போம். வயது 29, 33, 36, 39, 41, 44, 52. இதில் நோய் வந்தவர் 44 வயது அண்ணன் மட்டும். "எங்கள் தலைமுறையின் சராசரி 44" என்பது ஏழு பேரில் ஒருவரை மட்டும் எண்ணிய சராசரி. அந்த 52 வயது அக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை பாருங்கள். அவருக்குப் பிறழ்வு இருந்து இன்னும் நோய் வரவில்லை என்றால், அண்ணனைவிட எட்டு வருடம் தாண்டி நிற்கிறார். உங்கள் தலைமுறையின் சராசரியை மேலே தூக்குபவர் அவர்தான், ஆனால் குடும்பக் கதையில் அவர் பாத்திரமே இல்லை. தாத்தா தலைமுறையிலும் இதே விடுபடல் இருக்கும். தாத்தாவின் தம்பி யாராவது நாற்பத்தைந்தில் "புத்தி பேதலித்து" இறந்திருந்தால் அவர் பெயர் இந்த நோய்க் கணக்கில் சேர்ந்திருக்காது.

இன்னும் நோய் வராதவர்களைக் கணக்கில் சேர்க்க 1958-லிருந்தே நல்ல முறை இருக்கிறது. கேப்லான்-மெயர் முறை என்பார்கள். யோசனை எளிது. ஒவ்வொரு வயதுக்கும், அந்த வயது வரை நன்றாக இருந்த பிறழ்வுக்காரர்கள் எத்தனை பேர், அவர்களில் அந்த வருடம் நோய் தொடங்கியது எத்தனை பேருக்கு என்று பார்க்க வேண்டும். அக்காவுக்குப் பிறழ்வு இருந்தால், 52 வரை ஒவ்வொரு வருடமும் "வராதவர்" பக்கம் நிற்பார். அதற்கு மேல் என்ன ஆகும் என்று தெரியாததால் அங்கே கணக்கிலிருந்து விலகுவார். அவரைத் தூக்கிப் போடவும் இல்லை, வராது என்று முடிவு கட்டவும் இல்லை. ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: நன்றாக இருப்பவர்களில் யாருக்குப் பிறழ்வு இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஹண்டிங்டன் குடும்பங்களில் நோய் வருமுன்பே பரிசோதனை செய்துகொள்பவர்கள் பல நாடுகளிலும் சிறுபான்மைதான். வேண்டாம் என்பது அவர்கள் உரிமை, அதை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆய்வில் அதனால் ஓட்டை விழுகிறது என்பதையும் ஆய்வாளர்தான் சமாளிக்க வேண்டும்.

ஹண்டிங்டனில் இதை நன்றாகச் சமாளித்த வேலை 2004-ல் லாங்பென் குழு செய்தது. 40 மையங்களிலிருந்து 2,913 பேர், நோய் வந்தவர்களும் வராதவர்களுமாக. அவர்கள் விடையைச் சொன்ன விதம்தான் எனக்குப் பிடித்தது. சி-ஏ-ஜி 42 தடவை உள்ள, இன்னும் நோய் வராத 40 வயதுக்காரர் ஒருவருக்கு 65 வயதுக்குள் தொடங்கும் வாய்ப்பு 91 சதவீதம், பிழை வரம்பு 90-லிருந்து 93. இந்த வாக்கியத்தில் மூன்று விஷயம் இருக்கிறது: என்ன பிறழ்வு, இதுவரை எத்தனை வயது நன்றாகக் கடந்திருக்கிறார், எந்த வயதுக்குள் எவ்வளவு வாய்ப்பு. மரபணு ஆலோசகரிடமிருந்து நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய பதில் இந்த வடிவில்தான் இருக்க வேண்டும். "உங்கள் அண்ணனுக்கு 44, அதனால் உங்களுக்கு 38 வாக்கில்" என்று யாராவது சொன்னால் அதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

"தொடங்கிய வயது" என்பதே தலைமுறைக்குத் தலைமுறை மாறும் அளவுகோல் என்பதையும் மறக்க வேண்டாம். தாத்தாவுக்கு 71 என்று யார் சொன்னது? பெரும்பாலும் அவர் படுக்கையில் விழுந்த வருடம் அது. கை நடுங்கியதும் மறதி வந்ததும் வயதான கோளாறு என்று முன்பே விட்டிருப்பார்கள். அப்பாவுக்கு 60 என்பது டாக்டரிடம் போன வருடமாக இருக்கலாம். அண்ணனுக்கு? அப்பாவைப் பார்த்தே வளர்ந்தவர். முதல் தடுமாற்றத்திலேயே ஸ்கேன் எடுத்து, நரம்பியல் டாக்டரைப் பார்த்திருப்பார். ஒரே அளவுகோலில் அளந்தால் இந்த மூன்று எண்களுக்கும் உள்ள இடைவெளியில் சில வருடங்கள் அங்கேயே கரைந்துபோகலாம்.

நோய் வந்தவர்களை மட்டும் எண்ணும் இதே சாய்வு, "பிறழ்வு இருந்தால் நோய் கட்டாயம் வருமா" என்ற கேள்வியையும் கெடுக்கிறது. பிஆர்சிஏ1 மார்பகப் புற்றுநோய் மரபணுவில், பல பேருக்குப் புற்றுநோய் வந்த குடும்பங்களை வைத்து 1990-களில் போட்ட கணக்கு 70 வயதுக்குள் 80 சதவீதத்துக்கும் மேல் என்றது. குடும்ப வரலாறு பார்க்காமல் நோயாளிகளைச் சேர்த்த 22 ஆய்வுகளைத் தொகுத்து 2003-ல் போட்ட கணக்கு 65 சதவீதம் என்றது. ப்ரியானில் இன்னும் பெரிய அதிர்ச்சி. நோய்க்காரணம் என்று எழுதப்பட்டிருந்த சில பிறழ்வுகள் பொதுமக்களிடம் எவ்வளவு இருக்கின்றன என்று 2016-ல் லட்சக்கணக்கானவர்களின் மரபணுத் தரவில் தேடியபோது, அவற்றில் சிலவற்றை வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கோ, நூறில் ஒருவருக்கோ, அதற்கும் குறைவானவர்களுக்கோதான் நோய் வரும் என்று தெரிந்தது. ஈ200கேயும் டி178என்-உம் அந்தப் பட்டியலில் இல்லை, அவை உண்மையிலேயே ஆபத்தானவை. ஹண்டிங்டனிலும் 36 அல்லது அதற்கு மேல் சி-ஏ-ஜி உள்ளவர்கள் பொதுமக்களில் நானூறில் ஒருவர் என்று அதே வருடம் ஒரு கணக்கு வந்தது. நோயாளிகளின் எண்ணிக்கையோ அதைவிட மிகமிகக் குறைவு. அந்த எல்லையில், அதாவது 36 முதல் 39 வரை இருப்பவர்களில், நோயே வராமல் வாழ்ந்து முடிப்பவர்கள் நாம் நினைத்ததைவிட அதிகம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

மருந்துச் சோதனைகளுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நோய் வருமுன்பே மருந்து கொடுத்துத் தள்ளிப்போட முடிகிறதா என்று பார்க்க வேண்டுமானால், மருந்து இல்லாவிட்டால் எப்போது வந்திருக்கும் என்று தெரிய வேண்டும். பரம்பரை ப்ரியான் நோயில் ஒரே பிறழ்வு உள்ளவர்களிடையே தொடங்கும் வயது பல பத்தாண்டுகள் விரிந்து கிடக்கிறது. நோய் வருகிறதா என்று காத்திருந்து பார்க்கும் சோதனை அங்கே நடைமுறைக்கு ஒத்துவராது என்று 2019-ல் மினிகெல் குழு கணக்குப் போட்டுக் காட்டியது. பொய்யான ஆன்டிசிபேஷனை நம்பி, பெற்றோர் வயதைவிடப் பத்து வருடம் முன்னதாகவே நோய் வரும் என்று ஒரு சோதனையைத் திட்டமிட்டிருந்தால், மருந்து கொடுக்காதவர்களும் அந்த வயதைத் தாண்டி நன்றாக இருந்திருப்பார்கள். ஒன்றும் செய்யாத மருந்துக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அண்ணனுடைய அறிக்கையின் நகலை வாங்கி, மரபணுவின் பெயரும் பிறழ்வின் வகையும் என்ன என்று பாருங்கள். ஒரு பெரிய தாளில் குடும்ப வரைபடம் போடுங்கள். நோய் வந்தவர்களை மட்டும் போடாமல், தாத்தாவோடு பிறந்தவர்கள் தொடங்கி எல்லோரையும் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த வருடம், இறந்திருந்தால் வருடமும் காரணமும், உயிரோடு இருந்தால் இன்றைய வயது. நோய் வந்தவர்களுக்கு, முதல் அறிகுறி தெரிந்தது எப்போது, டாக்டர் பெயர் சூட்டியது எப்போது என்று இரண்டு வருடங்களையும் தனித்தனியாக எழுதுங்கள். வீட்டில் வயதான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் இந்த வேலையில் பாதி அவரிடம் பேசினாலே முடிந்துவிடும். அந்தத் தாளோடு மரபணு ஆலோசகரிடம் போங்கள்.

பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் முடிவு. குழந்தை பெறுவது, வேலை, காப்பீடு, தெரிந்துகொண்டு வாழ முடியுமா என்று உங்கள் மனசுக்குத் தெரிந்த கணக்கு, எல்லாம் அதில் இருக்கும். ஆலோசனைக்குப் போனாலே பரிசோதனை செய்தாக வேண்டும் என்பதில்லை. கேட்டுவிட்டு வந்து, ஒரு வருடம் கழித்துக்கூட முடிவு செய்யலாம். ஆனால் "முப்பத்தெட்டுக்குள் வந்துவிடும், அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்" என்ற அவசரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். பிறழ்வின் வகை தெரிந்ததும் திரும்ப எழுதுங்கள். தொடர் நீளும் வகையாக இருந்தால் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள், அந்த எண்ணுக்கு உரிய வாய்ப்புக் கணக்கை எப்படிப் படிப்பது என்று விளக்குகிறேன்.